துப்பாக்கியின் கனம்

விமானிகள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை.

இடுப்பில் உட்கார்ந்திருக்கும். ஒரு வேலையும் செய்யாது. ஆனால் அதன் முகம் கோணாமல் எல்லோரும் நடந்துகொள்ள வேண்டும். அது எழுந்தால் ஒரு சடங்கு, உட்கார்ந்தால் ஒரு சடங்கு. அரசாங்கம் வைத்த பெயர் வேறு. அதை முழுசாகச் சொன்னால் மூச்சு வாங்கும், வேண்டாம்.

இரண்டு விமானங்கள் அடுத்தடுத்துக் கடத்தப்பட்டபோது, நாட்டிலுள்ள ஒவ்வொரு விமானிக்கும் கைத்துப்பாக்கி கொடுத்தே தீருவது என்று டெல்லியில் முடிவானது. கொடுத்த கையோடு பயமும் வந்துவிட்டது. துப்பாக்கி வைத்திருக்கிற விமானியே கெட்டவனாக இருந்துவிட்டால்? உடனே ஒரு குழு போட்டார்கள். குழு உட்கார்ந்து விதிகள் எழுதியது. புத்தகத்தில் அச்சடித்தால் ஒருவரும் புரட்டமாட்டார்கள் என்பது குழுவுக்கே தெரியும். ஆகவே விதிகளைத் துப்பாக்கிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு கணினிச் சில்லு. அதற்குக் காது கேட்கும். பேசுவது யார் என்று குரலை வைத்தே கண்டுபிடிக்கும். விதி ஒப்புக்கொண்டால் பிடியின் தலையில் பச்சை விளக்கு எரியும், விசையை அழுத்தினால் சுடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் சிவப்பு. அப்போது அது வெறும் இரும்புத் துண்டு.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. மனிதர்களை நம்பாத ஆட்கள் சேர்ந்து செய்த பொருளை மனிதர்களின் இடுப்பில் கட்டிவிட்டார்கள். போகட்டும், கதைக்கு வருவோம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போகிற தென்திசை ஏர்வேஸின் காலை விமானம். கீழே வங்காள விரிகுடா, மேலே சுத்தமான வெயில். விமானி அறையில் இடது இருக்கையில் கேப்டன் ஜெசிந்தா அமலதாஸ், திருச்சி பாலக்கரைக்காரி. வலது இருக்கையில் துணை விமானி லெனின். தரையிலேயே விமானம் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டரில் அவளிடம் பாடம் படித்தவன். அன்றைக்கு ஓட்டுவது அவன் முறை.

பணிப்பெண்களின் தலைவி ரெஹானா காபி கொண்டுவந்தாள். அவளுக்குப் பதவி புதுசு. அடுத்த வாரம் துப்பாக்கி விதிகளில் பரீட்சை எழுத வேண்டும். கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

“கேள்வி கேளுங்க சார், படிச்சிருக்கேன்.”

“மாப்பிள்ளையை ஏன் ஜன்னல் பக்க இடுப்புல வைக்கணும்?” என்றான் லெனின்.

“பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பிடுங்கிடக் கூடாதுன்னு.”

“கதவு திறந்திருந்தா?”

“ரெண்டு பேரோடதும் தூங்கும். இப்ப பாருங்க, ரெண்டும் சிவப்பு.”

“உறையை விட்டு வெளிய எடுத்தா?”

“கதவு தானா பூட்டிக்கும். திரும்ப உறையில வைக்கிற வரைக்கும் வெளியிலேர்ந்து யாராலயும் திறக்க முடியாது.” ரெஹானா நிறுத்தினாள். “இது எனக்குப் புரியவே இல்ல மேடம். உள்ள நீங்க ரெண்டு பேருமே அடிச்சுக்கிட்டா நாங்க வெளிய என்ன பண்றதாம்?”

“தட்டிப் பாரு,” என்றாள் ஜெசிந்தா. “அடிச்சு முடிச்சதும் திறக்கிறோம்.”

மூவரும் சிரித்தார்கள்.

“கடைசிக் கேள்வி,” என்றான் லெனின். “நீ வெளிய போய்க் கதவைச் சாத்தினதும் யாரோடது முழிச்சுக்கும்?”

“மேடமோடது. ஓட்டுறவங்க சுடக் கூடாது, சுடுறவங்க ஓட்டக் கூடாது. ஓட்டுறது நீங்க, அதனால உங்களோடது தூங்கும்.”

“எப்ப மாறும்?”

“யாரு ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’னு சொல்றாங்களோ அவங்களோடது தூங்கிடும். மத்தவங்களோடது முழிச்சுக்கும்.”

“பாஸ். போய் நல்லா எழுது.”

ரெஹானா கதவைச் சாத்தினாள். ஜெசிந்தாவின் இடது இடுப்பில் பச்சை எரிந்தது.

அந்த ஆங்கில வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலகத்தில் எந்த நாட்டு விமானத்திலும் ஓட்டுவதைக் கைமாற்ற அதுதான் மந்திரம். விமானத்தின் ஸ்டியரிங்கை யோக் என்பார்கள். இருவர் முன்னாலும் ஒவ்வொன்று. இரண்டும் உள்ளே இணைந்தவை, ஒன்றைத் தள்ளினால் மற்றதும் போகும். அதனால் இந்த நொடியில் ஓட்டுவது யார் என்பதில் சந்தேகமே வரக் கூடாது. பிடுங்கிக்கொள்பவர் “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்பார். தானாகக் கொடுப்பவர் “யூ ஹேவ் கன்ட்ரோல்” என்பார். வாங்குகிறவர் யோக்கைப் பிடித்துக்கொண்டு “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்று பதில் சொன்ன பிறகுதான் கொடுத்தவர் கையை எடுக்கலாம்.

ஜெசிந்தா இதில் ராட்சசி. கேன்டீனில் மாணவர்கள் பிரியாணியை வாய் நிறைய அடைத்திருக்கும் நேரம் பார்த்துப் பின்னால் வந்து நின்று, “யூ ஹேவ் கன்ட்ரோல்” என்பாள். சோற்றோடு பதில் வர வேண்டும். கைகள் இரண்டும் அங்கே இல்லாத யோக்கைப் பிடிக்க வேண்டும். தாமதித்தால் மண்டையில் ஒரு குட்டு. லெனினுக்குப் புரையேறி மூக்கு வழியாகச் சோறு வந்த கதையை அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் அவன் பதில் சொல்லிவிட்டுத்தான் இருமினான்.

காபியை உறிஞ்சிவிட்டு ஜெசிந்தா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“தூக்கம் எப்படி?”

இதுவும் விதி பிறந்தபின் வந்த மரியாதை. தூக்கமில்லை, மனசு சரியில்லை என்று ஒரு விமானி டாக்டரிடம் போனால் துப்பாக்கியை வாங்கிவிடுவார்கள். துப்பாக்கி இல்லாதவர் விமானி அறைக்குள் உட்கார முடியாது. அறையில் பேசுவதெல்லாம் மைக்கில் வேறு பதிவாகும். ஆகவே நாட்டு விமானிகள் அத்தனை பேரும் தினமும் அருமையாகத் தூங்கினார்கள். பெண்டாட்டி ஓடிப்போனவனும் தூங்கினான், அப்பாவை எரித்துவிட்டு வந்தவனும் தூங்கினான்.

லெனினுக்கும் மனைவி அகல்யாவுக்கும் பிறந்த மகள் இலக்கியா காய்ச்சலில் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பல் முளைத்துச் சோறு கேட்க ஆரம்பித்திருந்த குழந்தை. அவனும் ஒவ்வொரு பயணத்திலும் “நல்ல தூக்கம் மேடம்” என்றுதான் சொல்லிவந்தான்.

“தூக்கமே இல்ல மேடம்,” என்றான் இப்போது.

ஜெசிந்தா கோப்பையை வைத்தாள். உதட்டில் விரலை வைத்து, தலைக்கு மேலிருந்த மைக்கைக் கண்ணால் காட்டினாள்.

“கேக்கட்டும் மேடம். அவங்களுக்குத் தெரியும். பாண்டிச்சேரியில போய் வேற பேர்ல தூக்க மாத்திரை வாங்கினேன். எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க. காலையில கம்பெனியிலேர்ந்து மெசேஜ். நாளைக்கு மாப்பிள்ளையைத் திருப்பிக் குடுக்கணுமாம்.”

“லெனின், சாயங்காலம் பேசுவோம். நான் வரேன் உங்க வீட்டுக்கு. அகல்யாவும் இருக்கட்டும்.”

“அகல்யாவுக்குத் தெரியாது. பாப்பாவும் போய், பறக்கிறதும் போச்சுன்னா அவகிட்ட என்னன்னு சொல்ல?” அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் ஜெசிந்தாவைப் பயமுறுத்தியது. “எனக்குத் தூங்கணும் மேடம். அவ்வளவுதான்.”

அதுவரை விமானத்தை ஓட்டிவந்த தானியங்கியை அணைத்தான். இரண்டு கைகளாலும் யோக்கை முன்னால் தள்ளினான்.

விமானம் தலைகுப்புறக் கீழே பாய்ந்தது.

காபி கோப்பையை விட்டுக் கிளம்பி முழுசாக ஒரு உருண்டையாக மேலே போனது. பேனா, கண்ணாடி, வரைபடம் எல்லாம் மிதந்தன. பின்னால் முழு விமானமும் ஒரே தொண்டையில் அலறியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். சாப்பாட்டு வண்டி ஒன்று எழும்பி, கழிப்பறைக்குக் காத்திருந்த ஒரு பெரியவரின் கழுத்தை முறித்தது. ரெஹானாவின் முழங்கை கதவில் அடிபட்டு உடைந்தது.

ஜெசிந்தாவிடம் விழித்திருக்கும் துப்பாக்கி இருந்தது. பச்சை எரிந்துகொண்டிருந்தது. குழுவில் இருந்தவர்களைக் கேட்டால், இந்த நொடிக்காகத்தான் அதைக் கொடுத்தோம் என்பார்கள். உருவிச் சுட்டிருக்க வேண்டும்.

ஆனால் அவள் விமானி. மூக்கு கீழே போனால் விமானியின் கை துப்பாக்கிக்குப் போகாது, யோக்குக்குத்தான் போகும். வாய் தானாகத் திறக்கும்.

“ஐ ஹேவ் கன்ட்ரோல்!”

சொல்லி முடித்ததும் தெரிந்துவிட்டது. இடது இடுப்பில் சிவப்பு. அந்தப் பக்கம் லெனினின் வலது இடுப்பில் பச்சை.

தன் வாயாலேயே அவனுக்குத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நினைத்து அழ நேரமில்லை. யோக்கை மார்போடு அணைத்து இழுத்தாள். அவன் தள்ளினான். அவனுக்கு வயசும் பலமும் இருந்தன.

“கையை எடுங்க மேடம்.”

“டேய், பின்னாடி எல்லாம் புள்ளக்குட்டியோட உக்காந்திருக்காங்கடா!”

“எடுங்க மேடம், ப்ளீஸ்.”

இடது கையால் யோக்கை அழுத்திக்கொண்டே வலது கையால் துப்பாக்கியை உருவினான். கதவுப் பூட்டு டடக் என்று விழுந்தது. சுட்டான்.

அந்தச் சின்ன அறையில் சத்தம் மூளைக்குள் இறங்கியது. குண்டு ஜெசிந்தாவின் வலது தோளைத் துளைத்து இருக்கைக்குள் புதைந்தது. கை கழன்று தொங்கியது. வலி உடனே வரவில்லை. முதலில் வந்தது ஆத்திரம். இவனா, புரையேறின இவனா என்னைச் சுடுகிறான் என்ற ஆத்திரம். மீதிக் கையால் யோக்கை விடாமல் இழுத்தாள். அவன் மறுபடி சுட்டான். அது காதைக் கிழித்து, ஹெட்போனைச் சிதறடித்து, பின்சுவரில் தைத்தது. அவள் ரத்தம் சொட்டாமல் சிவப்பு மணிகளாகக் கண்முன்னால் மிதந்தது.

வெளியே ரெஹானா உடைந்த கையோடு கதவை உதைத்துக்கொண்டிருந்தாள். “மேடம்! கதவைத் திறங்க மேடம்!” யாரோ ஒரு ஆண் குரலும் சேர்ந்து மோதியது. கதவு அசையவில்லை. விதிப்படி சரியாகத்தான் வேலை செய்தது.

ஜெசிந்தா யோக்கை விட்டுவிட்டு, இடது கையால் தன் துப்பாக்கியை உருவி அவன் முகத்துக்கு நேரே நீட்டி விசையை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

“அது தூங்குது மேடம்,” என்றான் லெனின். அவன் அழுதுகொண்டிருந்தான். “நீங்கதானே ஓட்டுறீங்க.”

துப்பாக்கியை மடியில் செருகிவிட்டு மறுபடி யோக்கைப் பிடித்தாள். ஒற்றைக் கையால் எதுவும் ஆகவில்லை. வேகம் எல்லை மீறிய எச்சரிக்கை மணி கடகடவென்று அடித்தது. கண்ணாடி முழுக்கக் கடல். அதில் போன ஒரு கப்பலின் தளத்திலிருந்த பொருள்களின் நிறத்தைக்கூடப் பிரித்துச் சொல்ல முடிந்தது. அவளுக்குத் தன் அம்மா ஞாபகமோ மகன் ஞாபகமோ வரவில்லை. கேன்டீன் ஞாபகம் வந்தது.

இடது கையை யோக்கிலிருந்து எடுத்தாள். குரலை இறக்கினாள். பிரியாணித் தட்டுக்குப் பின்னால் நின்று பேசும் அதே குரல்.

“லெனின். யூ ஹேவ் கன்ட்ரோல்.”

“ஐ ஹேவ் கன்ட்ரோல்,” என்றான் லெனின்.

சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் யோக்கைப் பிடித்தான். அவன் துப்பாக்கி தொப்பென்று தரையில் விழுந்தது. மிதந்துகொண்டிருந்த ரத்த மணிகள் ஜெசிந்தாவின் மடியில் விழுந்து தெறித்தன. மடியில் பச்சை எரிந்தது.

எடுத்தாள். கை எழும்பவே இல்லை. பல்லைக் கடித்து, முழங்கையை விலாவில் முட்டுக்கொடுத்துத் தூக்கினாள். லெனின் திரும்பி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாய் திறந்தான்.

சுட்டாள். அவன் கழுத்தில் பட்டது. மறுபடி சுட்டாள், கன்னத்தில். ஜன்னல் சிவந்தது. அவன் சரிந்து பெல்ட்டில் தொங்கிய பிறகும் ஒருமுறை சுட்டாள். பிறகு துப்பாக்கியைக் காலடியில் போட்டுவிட்டு ஒற்றைக் கையால் யோக்கை வாங்கினாள். கேட்க ஆளில்லாவிட்டாலும் “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்று சொன்னாள். விமானம் கடலுக்குக் கொஞ்சம் மேலே மட்டமாகி, சென்னைக்குத் திரும்பியது.

துப்பாக்கியை மறுபடி உறையில் வைத்தால்தான் கதவு திறக்கும் என்பது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. தரையிறங்கிய பிறகு கதவை வெட்டித்தான் அவளை வெளியே எடுத்தார்கள்.

ஊர் கொண்டாடியது. கொண்டாடாமல் எப்படி? இத்தனை பேர் உயிரோடு இறங்கியிருக்கிறார்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் டீக்கடையிலும் டெல்லியிலும் அவள் பேச்சுத்தான். குழுத் தலைவர் தொலைக்காட்சியில் வந்து, விதிகள் தங்களை நிரூபித்துவிட்டன என்றார். பதக்கம் உறுதி என்றார்கள். பேருந்துக்கும் ரயிலுக்கும் இதே துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன என்று ஒரு யோசனை கிளம்பியது.

லெனினின் வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். உடலை வாங்கிப் புதைக்கச் சொந்த ஊரில் இடம் தரவில்லை. அகல்யா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அவளை வரவேண்டாம் என்றார்கள். ஏற்கெனவே பிள்ளையைப் பறிகொடுத்தவள். அதையெல்லாம் அப்போது யார் பார்த்தார்கள்?

விசாரணை மீனம்பாக்கத்தில் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தில் நடந்தது. விசாரித்தவர் குரூப் கேப்டன் உத்தமன். விமானப்படையில் போர் விமானம் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஜெசிந்தா உள்ளே போகும்போது நடையில் ஒரு பெஞ்சில் அகல்யா உட்கார்ந்திருந்தாள். அவளையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஜெசிந்தா தலையைத் திருப்பிக்கொண்டு கடந்தாள். அவளுக்கு அந்தப் பெண்மேல் கோபம்கூட இருந்தது.

“ஒரே ஒரு இடம்தாம்மா பாக்கி,” என்றார் உத்தமன். மேஜையில் பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. “கருப்புப் பெட்டியில நீங்க சுட்ட சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே மூக்கு மேல வர ஆரம்பிச்சிருக்கு. யோக் ரெண்டும் ஒண்ணா இணைஞ்சது, அதனால இழுத்தது யார்னு பெட்டிக்குத் தெரியாது. நீங்கதான் இழுத்திருப்பீங்கன்னு எழுதியிருக்கோம். எப்படி இழுத்தீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“இழுத்துட்டே இருந்தேன் சார். முடியல. அப்புறம் கையை எடுத்துட்டு ‘யூ ஹேவ் கன்ட்ரோல்’னு சொன்னேன். பழக்க தோஷம், பதில் சொல்லிட்டான். துப்பாக்கி எனக்கு முழிச்சுது. எடுத்துச் சுட்டேன்.”

“எடுத்த உடனேவா?”

“இல்ல சார். எடுக்கவே முடியல. கை தூக்க வரல.”

“அடிபட்ட கை.”

“அது வலது கை. இது இடது, நல்ல கை. ஆனா துப்பாக்கி அவ்வளவு கனம் சார் அப்ப. மூணு பங்கு கனம். முழங்கையை முட்டுக்கொடுத்துத்தான் தூக்கினேன். பயத்துல அப்படி இருந்திருக்கும்.”

உத்தமனின் பேனா நின்றது.

“அதுக்கு முன்னாடியும் கனமா இருந்துச்சா?”

“இல்லையே. முதல்ல எடுத்து அழுத்திப் பார்த்தேனே, அப்ப பஞ்சு மாதிரி வந்துச்சு. எல்லாமே மிதந்துட்டுத்தானே இருந்துச்சு. காபி, பேனா, என் ரத்தம்கூட…”

நிறுத்திவிட்டாள்.

முதல் வருஷ மாணவனுக்குத் தெரிந்த பாடம் இது. அவளே எத்தனையோ பேருக்கு நடத்தியது. மூக்கைக் கீழே தள்ளினால் எல்லாம் மிதக்கும். மூக்கை மேலே இழுத்தால்தான் எல்லாம் கனக்கும். கையும் கனக்கும், கையிலிருக்கும் துப்பாக்கியும் கனக்கும்.

ரத்தம் மடியில் விழுந்து தெறித்தது ஞாபகம் வந்தது. அவன் துப்பாக்கி தொப்பென்று விழுந்த சத்தமும் வந்தது. கடைசியாக அந்த முகம் வந்தது. சிமுலேட்டரில் கஷ்டமான ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டு, சரிதானே மேடம் என்று திரும்பிப் பார்ப்பானே, அந்த முகம்.

“அப்ப யோக்கில யார் கை இருந்துச்சும்மா?” உத்தமன் மெதுவாகத்தான் கேட்டார்.

“அவன் கை. ரெண்டு கையும்.”

“உங்க கை?”

“ஒண்ணு செத்துத் தொங்குச்சு. இன்னொண்ணுல துப்பாக்கி.”

உத்தமன் எட்டிப் பதிவுக் கருவியை நிறுத்தினார்.

“நீங்க சுடலன்னா அவன் மறுபடி கீழ தள்ளியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஒரு பழக்கத்துல, வாத்தியார் குரலைக் கேட்டு இழுத்திருப்பான். அடுத்த நொடி ஞாபகம் வந்திருக்கும். உங்க மேல தப்பே இல்ல. அந்தக் கேள்வியை நான் கேக்கல, நீங்க பதில் சொல்லல. பெட்டிக்கும் தெரியாது. வீட்டுக்குப் போங்கம்மா.”

“இழுத்தது அவன் சார்.”

“அவன் ஒரு ஆளைக் கொன்னிருக்கான். உங்களைச் சுட்டிருக்கான்.”

“ஆமா. அப்புறம் இழுத்திருக்கான். விமானத்தைத் தூக்கினது அவன். நான் இல்ல.” அவள் பதிவுக் கருவியைக் காட்டினாள். “தூக்கிட்டிருந்தவனை நான் சுட்டேன். ஆன் பண்ணுங்க சார்.”

உத்தமன் அசையவில்லை. ஜெசிந்தாவே இடது கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். முதலிலிருந்து ஒருமுறை சொன்னாள். அழவும் செய்தாள், அதை மறைக்கவில்லை.

வெளியே வந்தபோது அகல்யா அதே பெஞ்சில் இருந்தாள். மடியில் ஒரு தண்ணீர் பாட்டில், காலியானது. ஜெசிந்தா இந்தத் தடவை கடந்து போகவில்லை. எதிரில் நின்றாள். பேச்சை ஆரம்பித்தவள் அகல்யாதான்.

“மேடம், உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என்னைத் திட்டினாலும் பரவாயில்ல. கடைசியா அவரு ஏதாவது சொன்னாரா? பாப்பா பேரைச் சொன்னாரா?”

“இல்லம்மா. ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’னு சொன்னான்.”

“அப்படின்னா?”

“நான் பார்த்துக்கறேன்னு அர்த்தம்.”

அகல்யா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“அப்புறம்?”

“அப்புறம் மேல தூக்கினான். கடல்ல விழ இருந்த விமானத்தை அவன்தான் தூக்கினான். உள்ள சொல்லிட்டு வந்திருக்கேன். எல்லாரும் கேக்குற மாதிரி எங்க வேணாலும் சொல்றேன்.”

அகல்யாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கண்ணில் நீர் கட்டியது. ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொள்ள எழுந்தாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“தூக்கிட்டாரா?”

“ஆமாம்மா.”

“தூக்கினப்புறமா சுட்டீங்க?”

“ஆமா.”

“ஏங்க?”

ஜெசிந்தா யோசித்தாள். பயம் என்று சொல்லலாம், பயணிகள் என்று சொல்லலாம், வலி என்று சொல்லலாம். எல்லாமே இருந்தன, ஆனால் எதுவும் காரணமாக இல்லை.

“பச்சை எரிஞ்சுதும்மா,” என்றாள்.